என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர்: ஜாரெட் பெட்னார் ஏறிவந்த படிகள்

ஜாரெட் பெட்னார் என்ற பெயரை முதல்முறை கேட்கும் ஐஸ் ஹாக்கி ரசிகர் பலரும் அடுத்துக் கேட்பது, "ஆடிய காலத்தில் எந்த டீம்?" என்பதுதான். ஹண்டிங்டன் பிளிசார்ட், சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ், செயின்ட் ஜான்ஸ் மேப்பிள் லீஃப்ஸ், ராச்செஸ்டர் அமெரிக்கன்ஸ், கிராண்ட் ராப்பிட்ஸ் கிரிஃபின்ஸ் என்று பட்டியல் போகும். இவற்றில் ஒன்றுகூட வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்எச்எல்லைச் சேர்ந்த அணி கிடையாது. 1993 முதல் 2002 வரை ஒன்பது சீசன் தொழில்முறையாக ஆடியவர், என்எச்எல்லில் ஓர் ஆட்டத்துக்காகக்கூடப் பனியில் இறங்கியதில்லை. இருபது ஆண்டு கழித்து, 2022 ஜூன் 26 அன்று, கொலராடோ அவலாஞ்ச் அணி என்எச்எல்லின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அதன் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான்.

விளையாட்டு உலகில் இதை "அதிர்ஷ்டக் கதை" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. கீழ்நிலை லீக்குகளை நாம் மேலே போக முடியாதவர்கள் தங்கிவிட்ட இடமாகத்தான் பார்க்கிறோம். ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. பயிற்சியாளர்களைப் பொறுத்தவரை இல்லை. பயிற்சியாளர் தொழிலை அடிமுதல் நுனிவரை கையால் செய்து பழகும் இடம் அந்தக் கீழ் லீக்தான். பெட்னாரின் பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பின்தொடர்ந்தால் இது தெரியும்.

முதலில் அந்தப் படிக்கட்டு. உச்சியில் 32 அணிகள் கொண்ட என்எச்எல். அதற்கு நேர் கீழே அமெரிக்கன் ஹாக்கி லீக், சுருக்கமாக ஏஎச்எல். 1936ல் தொடங்கியது, இப்போது அதிலும் 32 அணிகள். ஒவ்வொரு என்எச்எல் அணிக்கும் ஏஎச்எல்லில் ஓர் இணை அணி உண்டு. இளம் வீரர்களை அங்கேதான் வளர்ப்பார்கள், மேலே யாருக்காவது அடிபட்டால் அங்கிருந்துதான் ஆள் கூப்பிடுவார்கள். அதற்கும் ஒரு படி கீழே இருப்பது ஈசிஎச்எல். 1988ல் ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக் என்ற பெயரில் பிறந்தது. பிறகு அணிகள் மேற்குக் கரை வரை பரவியதால் "கிழக்குக் கரை" என்ற சொல்லே பொருந்தாமல் போய், 2003ல் வெறும் ஈசிஎச்எல் என்ற எழுத்துகளே பெயராகிவிட்டன.

இந்த இரண்டு படிகளுக்கும் உச்சிக்கும் இடையிலான தூரத்தைக் காசில் சொன்னால் சட்டென்று புரியும். அவலாஞ்ச் கோப்பை வென்ற 2021–22 சீசனில் என்எச்எல் வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 7,50,000 டாலர். ஈசிஎச்எல்லில் வாரச் சம்பளம், அதுவும் சில நூறு டாலர்கள். சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் அது வரும். தங்க வீட்டை அணியே கொடுக்கும். கோடை வந்தால் பலர் வேறு வேலை பார்த்துத்தான் அடுத்த சீசனுக்குத் திரும்புவார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவில் மூன்று ஆட்டம் ஆடுவது அங்கே சாதாரணம். நடுவில் இருப்பது பஸ் பயணம்.

பெட்னார் 1972 பிப்ரவரி 28 அன்று கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் யார்க்டன் என்ற ஊரில் பிறந்தவர். கோதுமை வயல்களும் நீண்ட குளிர்காலமும் கொண்ட அந்த மாகாணத்தில் ஹாக்கி ஆடாத பையனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இருபது வயதுக்குட்பட்டோர் ஆடும் வெஸ்டர்ன் ஹாக்கி லீக்கில் சில அணிகளுக்கு ஆடினார். தடுப்பாட்டக்காரர், முரட்டு ஆள், தேவைப்பட்டால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சண்டைக்கும் நிற்பார். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த என்எச்எல் அணியும் அவரை எடுக்கவில்லை. 1993ல் மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் அவருடைய தொழில்முறை வாழ்க்கை தொடங்கியது. அந்த ஊரின் ஈசிஎச்எல் அணியும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒருநாள் கூட்டம் நிறையும், ஒருநாள் காலியாகக் கிடக்கும், எப்போது மூடுவார்கள் என்று தெரியாது. இப்படிப்பட்ட அணிகளால் ஆன லீக் அது.

அங்கிருந்து சவுத் கரோலினாவுக்குப் போனார். சார்ல்ஸ்டன் பக்கம் பனை வகை மரங்கள் வரிசையாக நிற்கும் கடலோர ஊர். பனிக்கட்டி என்றால் ஐஸ் பெட்டியில்தான் பார்க்கமுடியும் என்கிற தட்பவெப்பம். அங்கே, நார்த் சார்ல்ஸ்டன் கொலீசியத்தில், சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ் ஆடியது. பெட்னாரின் வாழ்க்கை திரும்பிய இடம் அந்த அரங்கம்தான். 1997ல் ஈசிஎச்எல் தன் சாம்பியன் கோப்பைக்கு முதல் கமிஷனர் பேட்ரிக் கெல்லியின் பெயரை வைத்தது. அந்தக் கெல்லி கோப்பையை முதன்முதலாக வென்ற அணி ஸ்டிங்ரேஸ். பெட்னார் அதில் ஆடினார். 2001ல் மறுபடி வென்றார்கள், அப்போதும் ஆடினார். இடையில் ஏஎச்எல்லிலும், இப்போது இல்லாத ஐஎச்எல் என்ற இன்டர்நேஷனல் ஹாக்கி லீக்கிலும் அவ்வப்போது இடம் கிடைத்தது. ஆனால் மேலே கதவு திறக்கவில்லை. 2002ல் ஆடுவதை நிறுத்தினார், வயது 30.

ஆடிய அதே அணியில் அவருக்கு உதவிப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜேசன் ஃபிட்சிம்மன்ஸ், அவரும் பழைய ஸ்டிங்ரேஸ் கோலிதான் (கோல் காப்பவர்). ஐந்து ஆண்டு அவருக்குக் கீழே பெட்னார் வேலை பார்த்தார். 2007ல் தலைமைப் பொறுப்பு கைக்கு வந்தது.

ஈசிஎச்எல்லில் தலைமைப் பயிற்சியாளர் என்றால் என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. என்எச்எல்லில் ஆட்களைத் தேர்வு செய்யப் பொதுமேலாளர் உண்டு. அவருக்குக் கீழே ஊர் ஊராகப் போய் ஆள் பார்க்கும் ஒரு படையே உண்டு. காணொளி வெட்டி வைக்க ஆள், கோலிகளுக்குத் தனிப் பயிற்சியாளர், எண்களைக் கூட்டிக் கழிக்க ஒரு துறை. ஈசிஎச்எல்லில் இந்த வேலைகளில் பாதிக்கு மேல் ஒரே ஆளின் தலையில் விழும். யாரை எடுப்பது, எவ்வளவு சம்பளம் பேசுவது, வாரச் சம்பள உச்சவரம்பைத் தாண்டாமல் அணியை எப்படி நிரப்புவது, யாருக்கு எந்த வீடு, எத்தனை மணிக்குப் பஸ் கிளம்பவேண்டும் என்பதெல்லாம் பயிற்சியாளரின் மேசைக்குத்தான் வரும். துணைக்கு ஓர் உதவியாளர் இருந்தால் பெரிது.

இதில் கடினமான பகுதி ஆள் நிலைக்காதது. வெள்ளிக்கிழமை மதியம் என்று வைத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்கு ஆட்டம். காலைப் பயிற்சியில் முன்வரிசைகள், அதாவது தாக்குதல் ஆட்டக்காரர்கள் மூவர் மூவராகச் சேரும் குழுக்கள், யார் யாரோடு என்று முடிவாகிவிட்டது. ஃபோன் அடிக்கிறது. மேல் லீக் அணியில் ஒருவருக்குத் தோள் இறங்கிவிட்டது, உங்கள் முதல் வரிசை சென்டரை உடனே அனுப்புங்கள் என்கிறார்கள். அனுப்பாமல் இருக்கமுடியாது. அந்த லீக் இருப்பதே அதற்காகத்தான். நன்றாக ஆடுகிறவன் போய்விடுவான், அதுவும் நன்றாக ஆடியதற்காகவே. பயிற்சியாளர் அவனை வாழ்த்தி அனுப்பிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வேறொருவனைக் கண்டுபிடித்து, வரிசைகளைத் திருப்பி எழுதவேண்டும். கூடவே, மேலே கூப்பிடப்படாத மற்ற பத்துப் பேரின் முகத்தில் தெரியும் ஏமாற்றத்தையும் சமாளிக்கவேண்டும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இதுவேதான், வாரத்துக்கு ஒருமுறையாவது.

இந்த நிலையில் ஒரு குறிப்பிட்ட நட்சத்திரத்தை நம்பி ஆட்டமுறையை அமைக்கமுடியாது. யார் வந்தாலும் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்படி எளிமையாகவும், அதே நேரத்தில் எதிரணி பதறும்படி வேகமாகவும் ஒரு முறை வேண்டும். தலைமைப் பொறுப்பேற்ற இரண்டாவது சீசனிலேயே, 2009ல், பெட்னார் ஸ்டிங்ரேஸுக்குக் கெல்லி கோப்பையை வாங்கித் தந்தார். இறுதிச் சுற்றில் அலாஸ்கா ஏசஸ் அணியோடு ஏழு ஆட்டமும் ஆடித்தான் முடிவு வந்தது. சவுத் கரோலினாவும் அலாஸ்காவும் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள், அந்தத் தொடரின் களைப்பு புரியும்.

அடுத்து வந்த ஆறு ஆண்டுகள் ஏறுமுகமாக மட்டும் இல்லை. 2009ல் ஒரு படி மேலே போனார், ஆனால் தலைமைப் பயிற்சியாளராக இல்லை, உதவியாளராக. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அபட்ஸ்ஃபோர்ட் ஹீட் அணியில் ஒரு சீசன். 2010ல் இல்லினாயின் பியோரியா ரிவர்மென் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். இரண்டு சீசனில் அது முடிந்தது. 2012ல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஃபால்கன்ஸ் அணியில் பிராட் லார்சனுக்குக் கீழே மறுபடியும் உதவியாளர்.

தலைமைப் பொறுப்பில் கோப்பை வென்றவர், நாற்பது வயதில், திரும்ப இன்னொருவருக்கு உதவியாளராகப் போவது எளிதான முடிவு கிடையாது. பலர் அந்த இடத்தில் தொழிலையே விட்டுவிடுவார்கள். 2014ல் லார்சன் மேலே கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணிக்குப் போனதும் ஸ்பிரிங்ஃபீல்டு பெட்னார் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கொலம்பஸ் தன் இணை அணியை மாற்றிக்கொண்டு ஒஹையோவின் கிளீவ்லாந்துக்குப் போனது. பெட்னாரும் கூடவே போனார். லேக் ஈரி மான்ஸ்டர்ஸ் என்பது அணியின் அப்போதைய பெயர்.

2016 பிளே ஆஃபில் அந்த மான்ஸ்டர்ஸ் 15 ஆட்டங்களை வென்றது, இரண்டில்தான் தோற்றது. அரையிறுதியிலும் இறுதியிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இறுதியில் எதிரே நின்றது ஏஎச்எல்லின் பழம்பெருமை மிக்க ஹெர்ஷி பேர்ஸ். ஜூன் 11, நான்காவது ஆட்டம். அரங்கில் 19,665 பேர். அறுபது நிமிடம் முடிந்தும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஓவர்டைம். அந்த இருபது நிமிடமும் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது, கடிகாரத்தில் 1.9 விநாடி மட்டும் மிச்சம். அப்போது ஆலிவர் பியோர்க்ஸ்ட்ராண்ட், பக் எனப்படும் ரப்பர் வட்டை வலைக்குள் தள்ளினார். 1–0, ஏஎச்எல் சாம்பியனுக்கான கால்டர் கோப்பை கிளீவ்லாந்துக்கு. அந்த ஊருக்கு அந்தக் கோப்பை கடைசியாக வந்தது 1964ல், பழைய கிளீவ்லாந்து பேரன்ஸ் அணியின் காலத்தில். எட்டு நாள் கழித்து அதே ஊரின் கூடைப்பந்து அணி என்பிஏ பட்டம் வென்றதால் இந்த வெற்றியை வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. கொலராடோவில் அவலாஞ்ச் அணியின் பொதுமேலாளர் ஜோ சாக்கிக் கவனித்திருந்தார் என்பது இரண்டு மாதத்தில் தெரியவந்தது.

2016 ஆகஸ்ட் 11. கொலராடோ அவலாஞ்சின் தலைமைப் பயிற்சியாளர் பேட்ரிக் ராய் திடீரென்று விலகினார். ராய் யார் என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் எடை புரியும். ஹாக்கி வரலாற்றின் மிகச்சிறந்த கோலிகளில் ஒருவர். நான்கு ஸ்டான்லி கோப்பைகள். பிளே ஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதை மூன்று முறை வென்ற ஒரே ஆள். பயிற்சியாளராக முதல் சீசனிலேயே ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது. அணி தொடர்பான முடிவுகளில் தன் குரலுக்கு இடமில்லை என்று சொல்லித்தான் போனார். அவர் இருந்த நாற்காலியில், ஆகஸ்ட் 25 அன்று, சாக்கிக் உட்கார வைத்தது பெட்னாரை. சாக்கிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வீரர், அவலாஞ்சின் முன்னாள் கேப்டன். உச்சத்தில் ஆடியவர்கள் நிறைந்த அந்தக் கட்டடத்துக்குள், உச்சத்தில் ஒருநாளும் ஆடாத ஒருவர் நுழைந்தார்.

பயிற்சி முகாமுக்கு ஒரு மாதம்கூட இல்லை. உதவியாளர்களில் பெரும்பாலோர் ராய் காலத்து ஆட்கள். தன் ஆட்களைச் சேர்க்கவோ வீரர்களோடு உட்கார்ந்து பேசவோ நேரமில்லை. விளைவு படுமோசம். 82 ஆட்டங்களில் 22 வெற்றி, மொத்தம் 48 புள்ளி, லீக்கில் கடைசி இடம். அடித்த கோல் 166, வாங்கிய கோல் 278. அதற்கு முன் முழுநீளச் சீசனில் இதைவிடக் குறைந்த புள்ளி எடுத்த அணி வேண்டுமென்றால் 1999–2000ல் அட்லாண்டா த்ராஷர்ஸின் முதல் சீசனுக்குத்தான் போகவேண்டும், அவர்கள் எடுத்தது 39. அது அப்போதுதான் புதிதாக உருவான அணி. அவலாஞ்சிலோ நேதன் மெக்கின்னன், கேப்டன் கேப்ரியேல் லான்டஸ்காக், மிக்கோ ராண்டனன் எல்லாரும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் என்எச்எல்லில் வழக்கமாக என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பயிற்சியாளரை நீக்குவார்கள். பெட்னாருக்குப் பெயரும் இல்லை, பழைய ஆட்டக்காரர் என்ற செல்வாக்கும் இல்லை. ஆனால் சாக்கிக் நீக்கவில்லை. என் பார்வையில் பெட்னார் கதையின் மிக முக்கியமான முடிவு இதுதான், அதை எடுத்தவர் பெட்னார் இல்லை. திறமையும் உழைப்பும் எவ்வளவு இருந்தாலும், கீழிருந்து வருகிறவருக்கு முதல் தோல்வியை மன்னிக்க மேலே ஒருவர் இருந்தாக வேண்டும். பெரிய பெயரோடு வருகிறவருக்கு அந்த மன்னிப்பு கேட்காமலே கிடைக்கிறது.

அந்த மோசமான சீசன் இன்னொரு வழியில் பலன் தந்தது. கடைசி இடம் பிடித்த அணி என்பதால் 2017 டிராஃப்ட் குலுக்கலில் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு அவலாஞ்சுக்குத்தான் அதிகம். குலுக்கலிலும் தோற்றார்கள். நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள். கொலராடோ ரசிகர்களுக்கு அன்று இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அந்த நான்காவது இடத்தில் எடுத்த பையன் கேல் மக்கார், இன்று உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். அதே ஆண்டு நவம்பரில், வெளியேற விரும்பிய மேட் டுஷேனை ஒட்டாவாவுக்குக் கொடுத்த மூன்று அணிப் பரிமாற்றத்தில் சாமுவேல் ஜிரார்ட் வந்தார். அந்தப் பரிமாற்றத்தில் கிடைத்த டிராஃப்ட் உரிமையில்தான் 2019ல் போவன் பைரம் வந்தார். மூவருமே தடுப்பாட்டக்காரர்கள், மூவருமே பக்கைத் தாங்களே முன்னால் கொண்டுபோகக்கூடிய வேகக்காரர்கள்.

2017–18ல் உதவிக் குழு மாறியது, முகாமுக்குப் போதிய நேரம் கிடைத்தது. 48 புள்ளி 95 ஆனது. பிளே ஆஃப் இடம் கடைசி லீக் ஆட்டத்தில்தான் முடிவானது: செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியை 5–2 என்று வென்று உள்ளே போனார்கள். ஓராண்டில் 47 புள்ளி முன்னேற்றம். ஜாக் ஆடம்ஸ் விருதின் இறுதிப் பட்டியலில் பெட்னார் பெயர் இருந்தது.

ஆட்டமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாணித் தடுப்பாட்டக்காரரின் வேலை, தன் கோலுக்கு முன்னால் நின்று எதிரியை இடித்து விலக்குவது. பெட்னார் ஆடியது அந்தப் பாணி. அவர் பயிற்சி தந்த அவலாஞ்ச் ஆடியது அதற்கு நேர்மாறு. பக்கைப் பிடித்த நொடியில் தடுப்பாட்டக்காரரே நான்காவது முன்வரிசைக்காரர்போலப் பாய்ந்து தாக்குதலில் சேர்ந்துகொள்வார், அவர் விட்டுப்போன இடத்தை ஒரு முன்வரிசைக்காரர் பின்வாங்கி மூடுவார். பார்க்கக் கட்டுப்பாடில்லாத ஓட்டம்போலத் தெரியும். உண்மையில் ஐந்து பேரில் ஒருவர் இடம் மாற மறந்தாலும் கோல் விழும், அவ்வளவு ஒழுங்கு தேவைப்படும் ஆட்டம் அது. தான் ஆடியதைப்போலவே மற்றவர்களையும் ஆடச் சொல்லாத பயிற்சியாளர்கள்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. கையில் மக்காரைப்போன்ற ஒருவர் இருக்கும்போது அவரைப் பின்னால் நிறுத்திவைப்பது வீண் என்று புரிந்துகொள்ளப் பெரிய அறிவு வேண்டாம் என்று தோன்றலாம். ஆனால் அப்படி நிறுத்திவைத்த பயிற்சியாளர்கள் ஹாக்கியில் நிறையப் பேர்.

அப்படியும் கோப்பை எளிதில் வரவில்லை. 2019ல் சான் ஹோசேயிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 2020ல் டல்லாஸிடம் ஏழாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் தோல்வி. 2021ல் லீக்கிலேயே முதலிடம் பிடித்துவிட்டு, வேகஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றபின் அடுத்த நான்கையும் தோற்றார்கள். மூன்றுமே இரண்டாவது சுற்று. "இவரால் ஒரு கட்டத்துக்குமேல் முடியாது" என்ற பேச்சு உரக்கவே கேட்டது. அப்போதும் சாக்கிக் அசையவில்லை.

2022ல் அந்த இரண்டாவது சுற்று மறுபடி வந்தது, எதிரே செயின்ட் லூயிஸ். ஐந்தாவது ஆட்டத்தில் 3–0 என்று முன்னால் இருந்துவிட்டு ஓவர்டைமில் தோற்றார்கள். பழைய கதை திரும்புகிறது என்று நினைக்காத கொலராடோ ரசிகர் அன்று இருந்திருக்கமாட்டார். ஆறாவது ஆட்டம் 2–2 என்று நின்றது. முடிய 5.6 விநாடி இருக்கும்போது கோல் அடித்தது மெக்கின்னனோ மக்காரோ கிடையாது. நான்காவது வரிசையில் ஆடும் டேரன் ஹெல்ம், 35 வயது மூத்த வீரர். அடுத்து எட்மன்டனை நான்குக்குப் பூஜ்யம். இறுதியில், முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பை வென்றிருந்த டாம்பா பே லைட்னிங்.

டாம்பாவின் பயிற்சியாளர் ஜான் கூப்பர். அவரும் என்எச்எல்லில் ஆடாதவர். படித்தது சட்டம், வக்கீலாக வேலை பார்த்துவிட்டு ஹாக்கிக்கு வந்தார். இளையோர் லீக்குகளிலும் ஏஎச்எல்லிலும் படிப்படியாகப் பட்டங்கள் வென்று ஏறியவர். உலகின் மிகப்பெரிய ஹாக்கித் தொடரின் இரண்டு பெஞ்சுகளுக்குப் பின்னாலும் என்எச்எல் பனியில் ஆட்டக்காரராகக் கால் வைக்காத இருவர் நின்றார்கள்.

ஆறாவது ஆட்டத்தில் அவலாஞ்ச் 2–1 என்று முன்னால் இருந்தது, மூன்றாம் பீரியட் மிச்சம். டாம்பா வீட்டு அரங்கம், இரண்டு முறை சாம்பியன், தோற்றால் எல்லாம் முடிந்தது. அந்தக் கடைசி இருபது நிமிடத்தில் டாம்பாவால் கோலை நோக்கி அடிக்க முடிந்தது நான்கே ஷாட். ஐந்து ஆண்டு முன்னால் ஒரு சீசனில் 278 கோல் வாங்கிய அணி, அதே பயிற்சியாளர், அதே கேப்டன். அந்த நான்கு ஷாட் என்ற எண்ணை நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். லான்டஸ்காக் கோப்பையை வாங்கி முதலில் எரிக் ஜான்சனிடம் கொடுத்தார். 48 புள்ளி சீசனிலும் அணியில் இருந்தவர் அவர். சில நிமிடத்தில் குழுப் படத்துக்காக ஓடிவந்த ஒருவர் கால் தடுமாறிக் கோப்பையோடு விழுந்து, அதன் அடிப்பகுதியை நசுக்கினார்.

அந்த இரவோடு ஈசிஎச்எல், ஏஎச்எல், என்எச்எல் மூன்றிலும் தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பை வென்ற முதல் ஆள் ஆனார் பெட்னார். இது எவ்வளவு அரிது என்பதற்கு புரூஸ் பூட்ரோவைச் சொல்லலாம். 1999ல் மிசிசிப்பி சீ வுல்வ்ஸோடு கெல்லி கோப்பை, 2006ல் ஹெர்ஷியோடு கால்டர் கோப்பை, 2008ல் ஜாக் ஆடம்ஸ் விருது என எல்லாம் வென்றவர். நான்கு என்எச்எல் அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தும் ஸ்டான்லி கோப்பை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் அமோல் மஜும்தார் இருக்கிறார். முதல்தர கிரிக்கெட்டில் 11,000க்கு மேல் ரன் குவித்தும் இந்தியாவுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். 2025ல் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையைத் தூக்கியபோது அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். ஆடாதவர் எப்படிச் சொல்லித்தருவார் என்ற கேள்வி அங்கும் இங்கும் ஒன்றுதான். நட்சத்திரமாக ஆடியவருக்குப் பல விஷயம் தானாகவே வந்திருக்கும். எப்படி வந்தது என்று அவரே யோசித்திருக்கமாட்டார். அணியில் இடம் நிலைக்குமா என்ற பயத்தோடு ஒன்பது சீசன் ஆடியவர், ஒவ்வொரு அசைவையும் யோசித்துத்தான் செய்திருப்பார். நான்காவது வரிசைக்காரனுக்குப் பதினைந்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென்று இறங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இதற்காக எல்லாக் கீழ் லீக் ஆட்டக்காரரும் நல்ல பயிற்சியாளராவார் என்று வாதாட நான் வரவில்லை. பெட்னாரின் காலம் முழுக்க வெற்றி என்றும் சொல்லமாட்டேன். 2025 மே மாதம் டல்லாஸிடம் முதல் சுற்றிலேயே, ஏழாவது ஆட்டத்தில், மூன்றாம் பீரியடில் முன்னால் இருந்துவிட்டுத் தோற்றார்கள். அந்தப் பீரியடில் மூன்று கோல் அடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பியவர் மிக்கோ ராண்டனன், அந்த ஆண்டு ஜனவரிவரை அவலாஞ்ச் வீரர். அப்படியும் பெட்னார் பொறுப்பில் தொடர்ந்தார். அணி கியூபெக்கில் நோர்டிக்ஸ் என்ற பெயரில் ஆடிய காலத்தையும் சேர்த்து, அதன் வரலாற்றில் அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் அவர்தான்.

நார்த் சார்ல்ஸ்டனுக்கு ஒருமுறை திரும்பிப் போகவேண்டியிருக்கிறது. பெட்னார் விட்டுப்போன ஸ்டிங்ரேஸ் தலைமை நாற்காலியில் 2011 முதல் 2016 வரை இருந்தவர் ஸ்பென்சர் கார்பெரி. அவரும் பெரும்பாலும் ஈசிஎச்எல் அணிகளில் ஆடி முடித்தவர், கடைசியாக ஆடியதும் ஸ்டிங்ரேஸுக்குத்தான். ஈசிஎச்எல், ஏஎச்எல் இரண்டிலும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிவிட்டு, 2025ல் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் பயிற்சியாளராக ஜாக் ஆடம்ஸையும் வாங்கினார். மூன்று நிலைகளிலும் அந்த விருதைப் பெற்றவர் அவருக்கு முன்னால் யாரும் இல்லை. அவருக்குப் பிறகு அதே நாற்காலிக்கு வந்தவர் ரயன் வார்சோஃப்ஸ்கி. 2022ல் சிகாகோ வுல்வ்ஸோடு கால்டர் கோப்பை வென்று, 2024ல் 36 வயதில் சான் ஹோசே ஷார்க்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2024–25 சீசனில் என்எச்எல்லின் 32 தலைமைப் பயிற்சியாளர்களில் மூன்று பேர், பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஒரே அரங்கில், வெள்ளிக்கிழமை மதியம் ஃபோன் அடித்ததும் தங்கள் நல்ல வீரனை அனுப்பிவிட்டு வரிசையைத் திருப்பி எழுதிப் பழகியவர்கள்.